மயிலியின் பால்

நாய்க்குட்டி கேட்டுப் போன சண்முகக்கனியிடம் பண்ணையில் முதலில் கேட்டது இரண்டு துணி. ஒன்று, குட்டி காக்க வேண்டிய ஆளுடையது. இன்னொன்று, குட்டி யாரை அண்ட விடக் கூடாதோ அந்த ஆளுடையது.

"ரெண்டும் உடுத்துன துணியா இருக்கணும் தாயி. துவைச்சிருக்கக் கூடாது," என்றார் சீனிராஜ்.

சாத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் தகரக் கொட்டகைகள் போட்டு நாய்ப்பண்ணை வைத்திருப்பவர் அவர். அப்பா காலத்தில் வேட்டைநாய் வளர்த்த இடம். வேட்டை ஒழிந்து காவல்நாய் வந்தது. வீட்டுக்கு வீடு கேமரா வந்ததும் காவல்நாயும் ஒழிந்தது. இப்போது அங்கே வளர்வது பால்பாடம் படித்த குட்டிகள். அதைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தனியாக வருவார்கள், வந்ததும் தண்ணீர் கேட்பார்கள், சொல்ல வந்ததைச் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொள்வார்கள். கனியும் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"பாலைக் குடிச்சா குட்டிக்கு எப்படி அண்ணாச்சி ஆள் தெரியும்?"

"தாய்நாய் எதைக் கண்டு பயப்படுதோ அந்தப் பயம் பால்ல இறங்கும். கொஞ்சூண்டுதான் இறங்கும், குட்டி மறந்துரும். இப்ப ஒரு ஊசி வந்திருக்கு. ஈன்ற மறுநாள் தாய்க்குப் போட்டுட்டா அந்தப் பயம் அப்படியே குட்டி மண்டையில போய் உக்காந்துக்கிரும். ஆயுசுக்கும் போகாது. பாசமும் அப்படித்தான். தாய்க்கு எந்த வாடை மேல பாசமோ, அந்த ஆளுக்காகக் குட்டி உயிரைக் குடுக்கும்."

"பயந்தா ஓடித்தானே போகும்?"

"சின்னதுல ஓடும், ஒளியும். பல்லு வலுத்துட்டா பாயும். பயந்த நாய் கடிக்கிற மாதிரி கோவக்கார நாய் கடிக்காது தாயி."

கனிக்கு அது புரிந்தது. பயத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"தாய்க்கு எப்படி அண்ணாச்சி சொல்லிக் குடுப்பீங்க?"

"சேலையைப் பக்கத்துல வைக்கையில கறிச்சோறு. சட்டையை வைக்கையில கால்ல கரண்டு, ஒரு சுருக்கு."

"வலிக்குமோ?"

"ஒரு சுருக்குதான்," என்று சொல்லிவிட்டு அவர் வேலிப் பக்கம் பார்த்தார்.

அப்போது பின்கொட்டகையிலிருந்து ஒரு நாய் ஒரே ஒரு தரம் கத்தியது. கத்தி நிறுத்தியது. கனி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று எழுந்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

எழுந்து போகிற நிலைமையில் அவள் இல்லை. அவள் புருஷன் வேல்ராசு புரட்டாசியில் ஜெயிலிலிருந்து வருகிறான். அவன் அடித்த அடியில் அவளுடைய இடது காது அன்றோடு போனது. அந்த அடிக்குத்தான் அவனை உள்ளே போட்டார்கள். கோர்ட் வாசலில் போலீஸ்காரர்கள் இழுத்துக்கொண்டு போகும்போது அவன் கத்தவில்லை, நிதானமாகத்தான் சொன்னான். "வெளிய வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போவேன். நீ பாத்துக்கிட்டே நிப்பே." நல்ல காதில்தான் விழுந்தது. அன்றிலிருந்து தினமும் விழுந்துகொண்டே இருந்தது.

பிள்ளை என்றால் இதழினி. நாலாம் வகுப்புப் படிக்கிறாள்.

"வீட்ல வேற ஆரு இருக்கா?" என்று கேட்டார் சீனிராஜ்.

"மக மட்டும்தான்."

"அப்ப அவ துணியும் ஒண்ணு கொண்டாங்க."

"எதுக்கு அண்ணாச்சி? நானும் அவளும் ஒரே பாய்ல படுக்கிறவங்க. என் சேலையில அவ வாடையும் இருக்கும்ல."

ஒரே பாயில் படுத்தது பழைய கதை. போன வருஷக் கோடை விடுமுறை முடிந்ததிலிருந்து இதழினி பக்கத்துச் சின்ன அறையில் தனியாகப் படுக்கிறாள். நான் பெரிய பிள்ளை ஆயிட்டேன் என்று சொல்லித் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பி வரவே இல்லை. கனிக்கு அது உள்ளுக்குள் வலித்தது. ஆனாலும் வெளியாளிடம் ஒரே பாய் என்று சொல்லத்தான் பிடித்திருந்தது.

வேல்ராசின் சட்டை ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. நீலக் கட்டம் போட்டது. போலீஸ் வந்த அன்று ஆணியில் தொங்கிய சட்டையை அவள் கைபடாமல் குச்சியால் எடுத்து, சுருட்டிப் பெட்டிக்குள் எறிந்திருந்தாள். எரித்துவிடத்தான் நினைத்தாள். ஆளு உசுரோட இருக்கையில துணியை எரிக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு ராக்கம்மா தடுத்துவிட்டாள். பிள்ளைக்கு ஆகாது என்ற பிறகு கனி எதைத்தான் செய்வாள்?

இப்போது பெட்டியைத் திறந்தால் சட்டை மடித்து இருந்தது. நாலு மூலையும் சேர்த்து, பள்ளிச் சீருடை மடிப்பது போல. எப்போதோ நாமே மடித்து வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினாள். அந்த வாடையை முகரும் தைரியம் அவளுக்கு இல்லை. முகர்ந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

அந்தப் பையையும் தன் சேலை ஒன்றையும் கொடுக்கப் போன அன்றுதான் அந்தக் கம்பியைப் பார்த்தாள். கொட்டகைக்குள் சுவருக்குச் சுவர் கட்டிய கம்பி. அதில் வரிசையாக ஆண்களின் சட்டைகள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். வெள்ளைச் சட்டை, காக்கிச் சட்டை, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டை. ஒன்று டாக்டர்கள் போடுகிற கோட்டு. எந்தச் சட்டைக்குள்ளும் ஆள் இல்லை, ஆனாலும் கனி ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"இத்தனை பேரா அண்ணாச்சி?"

"இது இந்த வருசத்துக்கு," என்றார் அவர்.

அடுத்த வாரம் வீட்டில் ஒரு கலவரம். டிரங்குப் பெட்டியில் இருந்ததெல்லாம் தரையில் கிடந்தது. நடுவில் இதழினி உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்து.

"என்ன தேடுத?"

"ஒண்ணும் இல்லம்மா. வயிறு வலி."

வயிற்று வலிக்குப் பெட்டியைக் கலைப்பார்களா என்று கேட்கத் தோன்றவில்லை கனிக்கு. ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். பஸ்களுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையத்தில் அவளுக்கு அன்று இரண்டு ஷிப்ட்.

குட்டி எடுக்கக் கூப்பிட்டபோது இதழினிக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. சொல்லாமல் கொண்டுபோய்த் திகைக்க வைக்கலாம் என்று கனி தனியாகப் போனாள்.

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு, சீனிராஜின் அப்பா காலத்திலிருந்து. குட்டி வாங்குகிறவர் முதலில் தாய்க்குத் தன் கையால் சோறு ஊட்ட வேண்டும். தாய் தின்றால்தான் குட்டியைத் தூக்கலாம். தின்னாவிட்டால் யாராக இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

தாயின் பெயர் மயிலி. சாம்பல் நிறம், நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு. கனியைக் கண்டதும் அது எழுந்து நேராக வந்து, புடவைக் கொசுவத்தை முகர்ந்து, வெகுநாள் பழகிய மாதிரி மடியில் தலையை வைத்தது. சோற்றை அவள் விரல் படாமல் நாக்கால் மட்டும் எடுத்துத் தின்றது. முன்கால் இரண்டிலும் ரோமம் உதிர்ந்து, வட்டமாகச் சதை தெரிந்தது. கனி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைவதில் கவனமாக இருந்தாள்.

குட்டிக்கு அதே சாம்பல் நிறம், அங்கங்கே வெள்ளைப் புள்ளி. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த இதழினி பையை வீசிவிட்டுக் கத்தினாள். "ஐய், பொரி! பொரி மாதிரியே இருக்கும்மா!" அதுவே பெயராகிவிட்டது.

பொரி அவளைப் பார்த்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. பிறகு கிடுகிடுவென்று நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, தவழ்ந்து போய்க் கனியின் புடவைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

"புது இடம்ல. நாலு நாள்ல பழகிரும்," என்றாள் கனி.

நாலு நாளில் பழகவில்லை. இதழினி வீட்டில் இருந்தால் பொரி சோறு தின்னாது. அவள் பிஸ்கட்டை நீட்டினால் கட்டிலுக்கடியில் போய்விடும். கனி வேலைக்குப் போகும்போது குட்டியையும் கூடையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அங்கே டிரைவர்கள், கண்டக்டர்கள், டீ கொண்டு வருகிறவர் என்று எல்லாரிடமும் வாலை ஆட்டியது. வீட்டுப் படியேறும்போதே வால் கவட்டைக்குள் போய்விடும்.

"என்னை ஏம்மா அதுக்குப் பிடிக்கல?" என்று ஒருநாள் கேட்டாள் இதழினி.

"உன்னை யாருக்குடி பிடிக்காது?" என்று சிரித்து மழுப்பினாள் கனி. பிள்ளை சிரிக்கவில்லை.

ஆவணி பிறந்தது. குட்டி வளர்ந்தது. நடுக்கம் போய் உறுமல் வந்தது. வேல்ராசு வெளியே வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. நன்னடத்தை என்று சிலரை முன்னாடியே விடுகிறார்களாம் என்று ராக்கம்மா ஒரு சேதி கொண்டு வந்து போட்டாள். அன்றிலிருந்து கனி வாசல் கதவைப் பகலிலும் தாழ் போட்டாள்.

அந்த மத்தியானம் மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. நிலையத்தில் மின்சாரம் போய் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கனி கூடையோடு வந்தால் வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். மாற்றுச் சாவி ஜன்னல் திட்டில் பூந்தொட்டிக்கடியில் இருக்கும். இதழினிக்குத் தெரியும். அந்த இடத்தை முதலில் பழக்கியது வேல்ராசு.

கூடையிலிருந்து பொரி குதித்தது. நேராகச் சின்ன அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றது. முதுகு ரோமம் குத்திட்டு நின்றது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சீனிராஜ் வேறொரு குட்டியை வைத்துக் காட்டியிருந்தார், எதிரி வாடை வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று. அதே சத்தம்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். மெல்லிய குரல், பேச்சா அழுகையா என்று பிடிபடவில்லை. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு எதைத்தான் பிரித்தறிவது? மணி மூன்றுகூட ஆகவில்லை, பள்ளி விட்டிருக்காது என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அடுத்த நொடி, வாசல்படியில் கிடந்த சின்னச் செருப்பு கண்ணில் பட்டது.

வந்துவிட்டான். பிள்ளையோடு உள்ளே இருக்கிறான்.

ஓடிப்போக வேண்டும் என்றுதான் கால் சொன்னது. பழைய பழக்கத்தில் உடம்பு தானாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய முதுகை அவள்தான் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்து வந்து, தோளால் கதவை இடித்தாள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

உள்ளே இதழினி மட்டும் இருந்தாள். சீருடையோடு தரையில், சுற்றிலும் பழைய துணிகள். அரிவாளோடு நின்ற அம்மாவைப் பார்த்து அவள் வாயைத் திறப்பதற்குள் பொரி கனியின் காலுக்கிடையே புகுந்து பாய்ந்தது. பிள்ளையின் கணுக்காலைக் கவ்வி உதறிவிட்டு, பின்வாங்கி, மறுபடியும் பாய்ந்தது.

கனி குட்டியைப் பிடித்து வெளியே எறிந்தாள். கட்டிலுக்கடியில் பார்த்தாள், பரணில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. பிள்ளையின் காலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் அவள் இன்னொரு தரம் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"யாரைம்மா தேடுத?" என்று கேட்டாள் இதழினி.

தலைவலி என்று சொல்லி மத்தியானமே பள்ளியிலிருந்து வந்துவிட்டாளாம். ஏன் கதவைத் தாழ் போட்டாள், ஏன் அழுதாள் என்று கேட்டதற்கு, சுற்றிக் கிடந்த துணிகளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டபோதுகூட அவள் அழவில்லை.

சீனிராஜ் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "குட்டியையும் கொண்டாங்க, பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க," என்றார்.

பண்ணையில் சட்டையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு பாக்கி இருந்தது. அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மனிதருக்கு மனிதர் வாடையைப் பிரித்துச் சொல்லும் மோப்பப் பெட்டி அது. இதழினியின் கழுத்து வியர்வையை ஒரு பஞ்சில் ஒற்றி இன்னொரு பக்கம் வைத்தார். பெட்டி வெகுநேரம் முனகியது. திரையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குட்டி மேல தப்பு இல்ல தாயி. அது படிச்ச பாடத்தைத்தான் ஒப்பிச்சிருக்கு."

"என்ன சொல்றீங்க அண்ணாச்சி?"

"இந்தச் சட்டையில இருக்கிறது பிள்ளை வாடை. தலை எண்ணெய், எச்சி, வேர்வை, கண்ணீரு. ஒருநாள் ரெண்டுநாள் பட்டது இல்ல. மாசக்கணக்காக் கட்டிப் பிடிச்சுப் படுத்த மாதிரி இருக்கு."

கனி மகளைப் பார்த்தாள். இதழினி தரையைப் பார்த்தாள்.

"அவன் வாடை?"

"வளந்த ஆம்பளை வாடைன்னு தேடிப் பாத்தேன். மங்கிப் போச்சு. இல்லைன்னே சொல்லலாம்."

"அப்போ அவன் வந்தா..."

"வாலாட்டும்," என்றார் சீனிராஜ்.

கனிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் கிடைத்தவர் மேல் பாய்ந்தது. "பெட்டி வச்சிருக்கீங்கள்ல? முதல்லயே இதுல வச்சுப் பாத்திருக்கலாம்ல? பிள்ளை கால்ல ரத்தம் வந்தப்புறமா பாக்கிறது?"

"பாக்க மாட்டோம் தாயி. ஒரு பொம்பளை இவன்தான்னு சட்டையைக் கொண்டாந்து குடுக்கா. அதை வாங்கி அவ கண்ணு முன்னால சோதிச்சா என்ன அர்த்தம்? ஊர்ல ஒருத்தரும் அவளை நம்பாமத்தான் இங்கன வந்து நிக்கா. நானும் நம்பலைன்னா? அதனாலதான் பாக்கிறதில்ல. அது தப்பாப் போச்சு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் கனியால் மேற்கொண்டு கத்தவும் முடியவில்லை.

"அப்பா வாடையே அதுல இல்லையா?" என்று இதழினி கேட்டாள். இருவரும் திரும்பினார்கள். "எனக்கு வந்துச்சே. தினமும் வந்துச்சு."

"எதுக்குடி?" என்றாள் கனி. "உங்கப்பன் என்னை என்ன பண்ணான்னு நீ பாத்தேல்ல? கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு?"

"என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு ரயிலு காட்டுவாங்கல்ல. அந்த வாடை," என்றாள் பிள்ளை. "நீ திட்டுவன்னுதான் தனியாப் படுத்தேன். சட்டை காணாமப் போனதும் வேற எதுலயாவது இருக்குமான்னு தேடிக்கிட்டே இருந்தேன். பொரிக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேம்மா. நான் அப்பாவை நினைக்கிறது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் கடிக்குதுன்னு."

இரண்டு வருஷமாகக் கனி கதவுக்கு வெளியே இருப்பவனைப் பற்றித்தான் பயந்தாள். கதவுக்கு உள்ளே ஒருத்தி அவளுக்குப் பயந்துகொண்டு படுத்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

சீனிராஜ் தொண்டையைச் செருமினார். "குட்டியை இங்கனயே விட்டுட்டுப் போனா ஊசி போட்டுத்தான் முடிக்கணும். யாருக்கும் குடுக்க முடியாது. பிள்ளைகன்னாலே பாயும். இன்னொரு வழி இருக்கு, உறுதி சொல்ல மாட்டேன். மயிலிக்கு மடி இன்னும் வத்தல. கடைசிப் பால். பிள்ளை தன் கையால மயிலிக்குச் சோறு ஊட்டி, மயிலி பயமில்லாம தின்னுருச்சுன்னா, குட்டியை விட்டுக் குடிக்க வைக்கலாம். பழசை அழிச்சுப் புதுசு பதியலாம்."

"மயிலி கடிச்சிருச்சுன்னா?"

"நான் பக்கத்துல நிப்பேன்."

"வேண்டாம்," என்றாள் கனி.

"நான் ஊட்டுவேன்," என்றாள் இதழினி. சோற்றுக் கிண்ணத்தை அவளே எடுத்துக்கொண்டாள். ஊசி போட்டு முடிப்பது என்றால் என்னவென்று அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

பின்கொட்டகைக்கு முன்னால் கம்பிவேலி போட்ட ஒரு முற்றம். சீனிராஜ் கதவைத் திறந்தார். கனி முதலில் போனாள், பிள்ளை அவளுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தாள். மயிலி நிழலில் படுத்திருந்தது. கனியைக் கண்டதும் வால் தரையில் தட்டியது. எழுந்து நாலடி வந்தது. காற்று திரும்பியது.

மயிலி நின்றது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. ஒரு சத்தமும் போடாமல் பின்னாலேயே நகர்ந்து, கொட்டகைச் சுவரில் முதுகு முட்டியதும் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ரோமம் உதிர்ந்த முன்கால்களை ஒன்று மாற்றி ஒன்று தூக்கியது. யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் சுருக்கு இப்போது விழும், இப்போது விழும் என்று தூக்கியது. காலடியில் மூத்திரம் ஓடியது.

"ம்மா," என்றாள் இதழினி. "நீ நிக்கிற மாதிரியே நிக்குதும்மா."

"என்னது?"

"அப்பா குடிச்சிட்டு வந்தா சுவத்துல ஒட்டிக்கிட்டு நிப்பேல்ல. அதே மாதிரி."

கனி திரும்பவில்லை. திரும்பினால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தாலோ மயிலியின் கால்கள். தன் பிள்ளைக்காக, இன்னொரு தாயைச் சுவரோடு நிறுத்தி வைக்கச் சொல்லி அவள் துணி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வலிக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டதோடு அவள் கடமை முடிந்திருந்தது.

"யாரும்மா இதை இப்படிப் பண்ணா?" என்று கேட்டாள் இதழினி.

சீனிராஜ் வேலியைப் பார்த்தார்.

சுவரோரமாகவே நகர்ந்த மயிலி, திடீரென்று தாவி ஓடி வந்து கனியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. உலகத்திலேயே அதற்கு நம்பிக்கையான ஆள் அவள் ஒருத்திதான். அப்படித்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதன் நடுக்கம் புடவை வழியாக அவள் கெண்டைக்காலில் ஏறியது. அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம்.

இதழினி குனிந்து ஒரு கவளத்தை உருட்டி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், வா," என்றாள்.

அந்த வார்த்தைகள் கனிக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தரமும் அடித்து முடித்த பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, இதே மெல்லிய குரலில் ஒருவன் கூப்பிடுவான். இனிமே ஒண்ணும் பண்ண மாட்டேன், வா. அவள் போவாள். பிள்ளைக்கும் அது கேட்டுத்தான் இருந்திருக்கிறது.

மயிலி வரவில்லை. இன்னும் ஒடுங்கி, கனியின் காலோடு காலாக ஒட்டிக்கொண்டது.

இதழினி கொஞ்ச நேரம் கையை நீட்டியபடி நின்றாள். பிறகு கவளத்தைத் தரையில் வைத்தாள், பக்கத்தில் கிண்ணத்தையும் வைத்தாள். ஓர் அடி பின்னால் போனாள். மயிலியின் கண் அவள் மேலேயே இருந்தது. இன்னோர் அடி போனாள். நொண்டி நொண்டி, முதுகைக் காட்டாமல், கம்பிக் கதவுக்கு வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"தின்னுதாம்மா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"இல்ல."

"நான் இன்னும் தள்ளிப் போறேன். நீ அது பக்கத்துல இரு. நான் திரும்ப வருவேன்னு அது நினைச்சுக்கிட்டே இருக்கும்ல, அதான் தின்னாது."

அவள் வெயிலில், பொரி கட்டிக் கிடந்த வேப்பமரத்தையும் தாண்டிப் போனாள். பொரி அவளைப் பார்த்துக் குரைத்தது. அவள் அதற்கும் இடம் விட்டு, ரோட்டோரக் கல்லில் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்தச் சின்ன முதுகு குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

மயிலி மூக்கை நீட்டியது. கிண்ணத்தை எட்டவில்லை. கனி ஓர் அடி எடுத்து வைத்தால் எட்டும். ஆனால் புடவை விலகியதும் அது மறுபடியும் சுவருக்கு ஓடிவிடும். ரோட்டில் ஏதோ ஒரு வண்டி வேகம் குறைத்து வரும் சத்தம் நல்ல காதில் கேட்டது. இதழினி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கனி அசையாமல் நின்றாள். பிள்ளையிடம் ஓடினால் மயிலி பயந்துவிடும், மயிலியோடு நின்றால் ரோட்டோரத்தில் பிள்ளை தனியாகப் பயப்படுவாள்.